பாட்டனார் எழுதிவைத்த கடைவீடு இப்போது யாருடையது? சிங்கப்பூர் வக்ஃபு பற்றி ஒரு பதில்

வ அலைக்கும் ஸலாம் தம்பி. நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கீழக்கரையிலிருந்து வந்த உங்கள் பாட்டனார், சிராங்கூன் ரோடு பக்கம் தமக்கிருந்த ஒரு கடைவீட்டைப் பள்ளிவாசலுக்கும் ஏழைகளுக்குமாக வக்ஃபாக, அதாவது விற்க முடியாத நிரந்தர அறச்சொத்தாக, எழுதிவைத்தார் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். இப்போது விசாரித்தால் அது முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) பெயரில் இருக்கிறது என்கிறார்கள். இது முஸ்லிம் நாடு இல்லை. அரசாங்கச் சட்டத்தால் உண்டான ஓர் அமைப்பு சொத்தை வைத்திருக்கிறது. அப்படியானால் வக்ஃபு கைவிட்டுப் போய்விட்டதா? குடும்பத்துக்கு இனி அதில் பேச்சே இல்லையா? நீங்களும் சின்னதாக ஒன்று செய்ய நினைக்கிறீர்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை வக்ஃபாக எழுதலாமா? இவைதான் கேள்விகள். முதலாவதற்குத்தான் நீளமான பதில் தேவைப்படுகிறது.

போகவில்லை. 1966இல் நிறைவேறி 1968இல் நடைமுறைக்கு வந்த முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம், சிங்கப்பூரில் உள்ள எல்லா வக்ஃபுச் சொத்துகளின் உரிமையையும் முயிஸ் என்கிற சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் பெயருக்கு மாற்றியது. யாரும் தனியாகக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை, சட்டமே மாற்றிக் கொடுத்துவிட்டது. கேட்க அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பாட்டனார் வக்ஃபு செய்த அன்றே அந்தக் கடைவீடு அவருடையதாக இல்லாமல் போனது. பிள்ளைகளுக்கும் அதில் வாரிசுப் பங்கு கிடையாது. மார்க்கப்படி அது அல்லாஹ்வின் சொத்து. நிலப் பதிவேட்டில் அல்லாஹ்வின் பெயரை எழுத முடியாது, யாராவது ஒருவர் பெயர் வேண்டும். முன்பு அறங்காவலர்கள் பெயர் இருந்தது, இப்போது மன்றத்தின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பொறுப்பு உண்டு, அனுபவிக்கிற உரிமை கிடையாது. வாடகை அரசாங்கக் கஜானாவுக்குப் போக முடியாது. மன்றம் தன் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக எழுதப்பட்ட வக்ஃபின் வருமானம், பத்திரம் சொல்கிற நோக்கத்துக்குத்தான் போக வேண்டும் என்று சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது.

இப்படி ஒரு மன்றம் இருப்பதும் அமைச்சர் யாரோ ஒருவருடைய தயவால் அல்ல. முஸ்லிம்களின் சமய விவகாரங்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்ற வேண்டும், அதிபருக்கு ஆலோசனை சொல்ல ஒரு மன்றம் அமைக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 153ஆவது பிரிவே சொல்கிறது. மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கிற சமூகத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

தமிழ்நாட்டு நிலவரத்தை மனதில் வைத்துப் பார்த்தால் குழப்பம் வரும். அங்கே வக்ஃபு வாரியம் மேற்பார்வை செய்யும், நிர்வாகம் முத்தவல்லி கையில் இருக்கும், சொத்து வாரியத்தின் பெயருக்கு மாறாது. 1995ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் சரி, 2025இல் வந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பிய திருத்தமும் சரி, அந்த அமைப்பின் மேல் எழுந்தவை. இங்கே உரிமையே ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. அங்குள்ள சண்டையை இங்கே இறக்குமதி செய்துகொண்டு பதறுவதில் பொருள் இல்லை.

சரி, ஏன் இப்படிக் குவித்தார்கள்? சும்மா விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்த ஊரில் வக்ஃபு என்பது ராஃபிள்ஸ் கால்வைத்த சூட்டோடு தொடங்கிவிட்டது. 1820இலேயே சையத் உமர் அல்ஜுனைத் கொடுத்த நிலத்தில் கம்போங் மலாக்கா பள்ளிவாசல் எழுந்தது. நம் ஆட்களும் பின்தங்கவில்லை. 1826இல் அன்சார் சாஹிப் தலைமையில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமியா சூலியா பள்ளிவாசல், அடுத்த ஆண்டில் தெலுக் ஆயரில் குச்சுப் பள்ளி என்று நம்மவர்கள் அழைத்த அல் அப்ரார், அதற்குச் சற்றுத் தள்ளி 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா. தர்கா நிலம் 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்டபோதே விற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார்கள். வெள்ளைக்கார ஆட்சியின் நில ஆவணத்தில் வக்ஃபின் சாரம் அப்படியே ஏறியிருக்கிறது பாருங்கள்.

ஆனால் அந்த ஆட்சியின் நீதிமன்றங்களுக்கு வக்ஃபு முழுமையாகப் பிடிபடவே இல்லை. அவர்கள் கையில் இருந்தது இங்கிலாந்தின் அறக்கட்டளைச் சட்டம். பள்ளிவாசலுக்கு, ஏழைகளுக்கு என்று எழுதினால் சரி. ‘என் சந்ததிக்கு, அவர்கள் இல்லாமல் போனால் ஏழைகளுக்கு’ என்று எழுதினால், சொத்தை முடிவில்லாமல் கட்டிவைக்கக் கூடாது என்கிற ஆங்கில விதியில் அது அடிபட்டுப் போகும். இந்திய வழக்கு ஒன்றில் 1894இல், அந்த ஆட்சியின் மேல்முறையீட்டு உச்ச மன்றமான பிரிவி கவுன்சில் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. அங்கே எதிர்ப்பு எழுந்து 1913இல் தனிச் சட்டம் வந்து அந்தத் தீர்ப்பைச் சரிக்கட்டியது. சிங்கப்பூர் சேர்ந்திருந்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் காலனி 1867லேயே இந்தியாவிலிருந்து பிரிந்துவிட்டதால் அந்த நிவாரணம் இங்கே வரவில்லை. 1923இல் அல்காஃப் குடும்பத்தின் வழக்கில், பொதுவாக ‘நற்காரியங்களுக்கு’ என்று எழுதினால் அது தெளிவில்லாத நோக்கம், செல்லாது என்று ஆகிவிட்டது. நம் பெரியவர்கள் வக்கீல் வைத்து எழுதிய பழைய பத்திரங்கள் பலவற்றில் வக்ஃபு என்ற சொல்லைக் காணாமல் அறக்கட்டளை ஆங்கிலமாகவே இருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். உங்கள் பாட்டனாரின் பத்திரத்தைத் தேடும்போது இதை நினைவில் வையுங்கள்.

நீதிமன்றத்தை விடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தது. அறங்காவலர் நல்லவராக இருப்பார். அவர் மௌத்தான பிறகு மகன் வருவான். அவன் ஊருக்குப் போய்விடுவான். மச்சான் வாடகை வசூலிப்பான். கணக்கு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. இது நமக்கு மட்டுமான நோய் அல்ல, கோயில்களிலும் இருந்தது. அதனால்தான் 1905இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, நிர்வாகம் சீர்கெட்ட முஸ்லிம், இந்து அறச்சொத்துகளை எடுத்து நடத்த ஒரே வாரியத்தை அமைத்தார்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் பக்கத்துப் பக்கமாக நிற்கிற ஜாமியா சூலியா பள்ளியும் மாரியம்மன் கோயிலும் ஒரு காலத்தில் ஒரே வாரியத்தின் பொறுப்பில் இருந்தன என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். 1968இல் முயிஸ் வந்ததும் நம் பங்கு இந்தப் பக்கம் வந்தது, கோயில்களுக்கு இந்து அறக்கட்டளை வாரியம் தனியாக அமைந்தது.

ஆக, உரிமையை மன்றத்திடம் குவித்தது சரியான முடிவு என்பதுதான் என் கருத்து. குடும்பங்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஒரு நூற்றாண்டைத் தாண்டிய சொத்துகள் குறைவு. இந்த ஊரில் ஒரு சதுர அடி நிலம் என்ன விலை போகிறது என்பதை வைத்துப் பார்த்தால், பெயர் சிதறிக் கிடந்திருந்தால் பாதி சொத்து இன்று இருந்திருக்காது.

ஆனால் பெயர் பத்திரமாக இருப்பது மட்டும் போதாது. நம் ஆட்கள் ‘யார் பெயரில்’ என்ற இடத்திலேயே நின்றுகொண்டு சண்டை போடுகிறார்கள். வாடகை எவ்வளவு வருகிறது, செலவு போக யாருக்குச் சேருகிறது என்று கேட்கிறவர் அபூர்வம். எழுதிவைத்தவருக்கு நன்மை எழுதப்படுவது ஏழையின் கைக்குக் காசு போகும்போதுதான். நிலம் பத்திரமாக இருந்தும் வருமானமே வராமல் பல பத்தாண்டுகள் ஓடியிருக்கின்றன, அதுவும் யாரும் திருடாமலேயே.

எப்படி என்றால், முதலாவது வாடகைக் கட்டுப்பாடு. போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1947இல் வந்த சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1939ஆம் ஆண்டு நிலவரத்தில் நிறுத்திவைத்தது. குடியிருந்தவர்களுக்கு அது உயிர் காத்த சட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் வக்ஃபுச் சொத்தில் பெரும்பகுதி எது? பழைய கடைவீடுதான். எழுபதுகளில், எண்பதுகளில் சுற்றிலும் கட்டடங்கள் வானத்தைத் தொட, வக்ஃபுக் கடைவீட்டு வாடகை போருக்கு முந்தைய காலத்திலேயே உறைந்து கிடந்தது. கூரை ஒழுகினால் சரிசெய்யக் கூட அந்த வாடகை போதாது. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. எண்பதுகளின் கடைசியிலிருந்து படிப்படியாகத் தளர்த்தி 2001இல்தான் அந்தச் சட்டத்தை முழுமையாக எடுத்தார்கள். உங்கள் பாட்டனாரின் கடைவீடு போருக்கு முந்தியது என்றால், அரை நூற்றாண்டு அது கிட்டத்தட்ட சும்மாதான் நின்றிருக்கும். குடும்பத்தில் ‘அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒன்றும் வரவில்லையாமே’ என்று யாராவது பேசியிருந்தால், யாரோ தின்றுவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, நில ஆர்ஜிதம். 1966ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத் தேவைக்காக யார் நிலத்தையும் எடுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. வீவக நகரங்கள், சாலைகள், எம்ஆர்டி ரயில் எல்லாம் அப்படி எழுந்தவைதான். அதில் வக்ஃபு நிலங்களும் போயின. கோயில் நிலம், தேவாலய நிலம், தனியார் நிலம் எல்லாம் போயிற்று, நம்மை மட்டும் குறிவைத்தார்கள் என்று சொல்ல முடியாது. வலித்தது இழப்பீடு. 1973இல் வந்த திருத்தம் இழப்பீட்டை அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி விலையோடு முடிச்சுப் போட்டது. பிறகு அந்தத் தேதியைச் சில முறை நகர்த்தினார்கள் என்றாலும், முழுச் சந்தை விலை என்று ஆனது 2007இல்தான். வக்ஃபு நிலம் போய்ப் பணமாக வந்தால், அதைக் கொண்டு வேறு சொத்து வாங்கி அதே வக்ஃபின் பெயரில் வைக்க வேண்டும். பழைய விலையில் பணம் வாங்கி இன்றைய விலையில் என்ன வாங்க முடியும்? பல சிறிய வக்ஃபுகள் வங்கியில் கிடக்கிற கொஞ்சப் பணமாகச் சுருங்கியது இப்படித்தான்.

மூன்றாவதை யாரும் குறையாகப் பேசுவதில்லை, ஆனால் செலவு வைப்பது அதுதான். 1989இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் பகுதிகளைப் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவித்தார்கள். அங்கேதான் வக்ஃபுக் கடைவீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. இடித்துவிட்டு உயரமாகக் கட்ட முடியாது, முகப்பையும் ஓட்டுக் கூரையையும் மரச் சன்னலையும் பழைய மாதிரியே புதுப்பிக்க வேண்டும். ஊருக்கு அது அழகு, வக்ஃபுக் கணக்கில் அது செலவு.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நிர்வாகம் செய்கிறவர் என்ன செய்வார்? கையில் நிலம் இருக்கிறது, காசு இல்லை. நிலத்தை அடமானம் வைத்து வட்டிக்கு வாங்க மார்க்கம் அனுமதிக்காது. விற்கவும் கூடாது. இந்த முடிச்சை அவிழ்க்க இங்கே எடுத்த வழிகளைத்தான் வெளிநாட்டார் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் அதைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை.

இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபை, அதாவது ஷாஃபி சட்ட வழியை, பின்பற்றுகிறவர்கள். வக்ஃபுச் சொத்தை மாற்றுவது, அதாவது இஸ்திப்தால், அந்த மத்ஹபில் மிகக் கண்டிப்பானது. ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகளில் கொஞ்சம் இடம் உண்டு. வழக்கமாக ஷாஃபி வழிதான், ஆனால் அதைப் பின்பற்றுவது பொது நலனுக்கு மாறாக அமையுமானால் மற்ற மத்ஹபின் கருத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற ஃபத்வாக் குழு இஸ்திப்தாலுக்கு அனுமதி கொடுத்தது. 2001இல் முயிஸ் தனக்குச் சொந்தமாக வாரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, வக்ஃபு நிலங்களை மேம்படுத்தும் வேலையை அதனிடம் கொடுத்தது.

பென்கூலன் ஸ்திரீட் பள்ளிவாசல் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நம்மவர்கள் ஜும்மாவுக்கு அதிகம் போகிற இடம். பழைய பள்ளி நின்ற அந்த நிலம் நகரின் நடுவில் இருந்தும் வருமானம் சொற்பம். 2000களின் தொடக்கத்தில் அதைப் புதிதாகக் கட்டினார்கள்: புதுப் பள்ளிவாசல், வணிக இடம், மேலே நூறுக்கும் அதிகமான சர்வீஸ் அபார்ட்மெண்ட். கடனுக்குப் பதிலாக முஷாரகா, அதாவது கூட்டு முதலீட்டு முறையில் சுக்கூக் என்கிற வட்டியில்லா முதலீட்டுப் பத்திரங்கள் வெளியிட்டு 35 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) திரட்டினார்கள். நிலம் வக்ஃபுடையது, பணம் முதலீட்டாளர்களுடையது, கட்டிநடத்தும் வேலை வாரீஸுடையது. அடுக்குமாடி அறைகளை ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டு, வருகிற வாடகையிலிருந்து முதலீட்டாளர்களுக்குப் பங்கு. தொழுகைக்குப் போகிறவர் காலுக்குக் கீழே இத்தனை கணக்கு ஓடுகிறது.

அதே காலத்தில் 25 மில்லியன் வெள்ளிக்கு இன்னொரு வெளியீடு. அதைக் கொண்டு பீச் ரோடு 11ஆம் எண் கட்டடம் வாங்கப்பட்டது. தனித்தனியாக வைத்திருந்தால் பெயருக்கு வாடகை கொடுக்கிற பல சிறிய வக்ஃபுகளை ஒன்றுதிரட்டி ஒரு நல்ல அலுவலகக் கட்டடத்தில் பங்குதாரர்களாக்கியது அந்த ஏற்பாடு. நம் பெண்கள் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், தனியாக முடியாதது சேர்ந்தால் முடியும். ஒவ்வொரு வக்ஃபின் பங்கும் தனித்தனியாகக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது மட்டும் மிக முக்கியம்.

பழைய ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். அறங்காவலராக இருந்த ஷேக் அப்துல் கஃபூர், பள்ளி நிலத்தைச் சுற்றிக் கடைகளும் வீடுகளும் கட்டி வாடகைக்கு விட்டார். அந்த வருமானத்தில் 1907இல் இன்றுள்ள பள்ளிவாசலின் கட்டுமானம் தொடங்கியது. பென்கூலன் திட்டத்தின் கருத்து நூறு வருடத்துக்கு முன்பே ஒரு தமிழ் முஸ்லிம் பேட்டையில் வேலை செய்திருக்கிறது, சுக்கூக் என்ற பெயர் மட்டும்தான் இல்லை.

எனக்கு முழுத் திருப்தி இல்லாத ஒரு வழியும் உண்டு. 99 ஆண்டுக் குத்தகை. நிரந்தர உரிமையுள்ள வக்ஃபு நிலத்தில் வீடுகளைக் கட்டி, 99 ஆண்டுகளுக்குக் குத்தகை உரிமையை மொத்தத் தொகைக்கு விற்பது. காலம் முடிந்ததும் நிலம் வக்ஃபுக்கே திரும்பும், ஆகவே இது விற்பனை இல்லை. காத்தோங்கில் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் நிற்கிற சிவப்பு வீடு அப்படி மேம்பட்டது. அது 1957இல் ஷரீஃபா ஸைன் அல்ஷரோஃப் அல்சகோஃப் என்ற பெண்மணி செய்த வக்ஃபு. வெகுகாலம் ரொட்டிக்கடையாக இருந்து, 2003இல் மூடி, இடியும் நிலைக்குப் போன கட்டடம். வாரீஸ் அதன் முகப்பைக் காப்பாற்றி, கடைகளை வைத்துக்கொண்டு, பின்பக்கம் நாற்பதுக்கும் அதிகமான அடுக்குமாடி வீடுகளை 99 ஆண்டுக் குத்தகையில் விற்றது. அந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் எனக்கும் உடனடிப் பதில் இல்லை. புதுப்பிக்கும் செலவுக்குப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும்.

ஆனாலும் 99 ஆண்டு என்பது நாலு தலைமுறை. வரப்போகிற நாலு தலைமுறை ஏழைகளின் வாடகையை இன்று மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம். வாங்கிய தொகையை நல்ல வருமானம் தரும் இடத்தில் போட்டு, அது தேயாமல் காப்பாற்றினால் நியாயம். இல்லையென்றால் பிற்காலத்தார் கணக்கில் கடன். பாழடைந்து கிடக்கிற நிலத்துக்கு இந்த வழியை எடுக்கலாம், பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் அந்த மொத்தத் தொகை எங்கே போனது, ஆண்டுக்கு என்ன தருகிறது என்று ஒரு பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் போட்டால் நம் ஆட்களின் பாதிச் சந்தேகம் தீரும்.

இங்கிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரலாம். குடும்பத்துக்குப் பேச்சு உண்டா? பத்திரத்தில் முத்தவல்லியாக யார் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், அதற்கு மதிப்பு உண்டு. உரிமை முயிஸிடம் இருந்தாலும் நிர்வாகத்தை முத்தவல்லிகளோ அறங்காவலர்களோ நடத்துகிற வக்ஃபுகள் இன்றும் இருக்கின்றன. முஸ்தஃபா கடைக்கு எதிரே இருக்கிற அங்குலியா பள்ளிவாசல் அப்படிப்பட்டது. 1890இல் தோன்றி, மீண்டும் புதிதாகக் கட்டப்பட்டு 2020இல் திறந்தது. மற்ற பெரும்பான்மை வக்ஃபுகளை முயிஸே நேரடியாக நடத்துகிறது. முத்தவல்லி கணக்கு ஒப்படைக்க வேண்டும், ஒழுங்காக நடத்தாவிட்டால் முயிஸ் அவரை நீக்கலாம். முத்தவல்லிப் பதவியைக் குடும்ப கௌரவம் என்று கேட்டு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லையென்றால் கேட்காமல் இருப்பதே மேல்.

முத்தவல்லி இல்லாவிட்டாலும் கேட்கிற உரிமை இருக்கிறது. ஆனால் கேள்வியை ஒழுங்காகக் கேட்க வேண்டும். ‘எங்கள் வீட்டை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்’ என்று தொடங்கினால் பதில் ஒரு வரிதான் வரும். இன்ன முகவரிக் கடைவீடு எந்த வக்ஃபின் கீழ் பதிவாகியிருக்கிறது, பத்திரத்தில் பயனாளி யார், கடந்த சில ஆண்டுகளில் சொத்து வரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு, நிர்வாகக் கட்டணம் போக எவ்வளவு விநியோகமானது என்று கேளுங்கள். 1999இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எல்லா வக்ஃபும் முயிஸில் பதிவாக வேண்டும் என்பது சட்டம், ஆகவே ஒரு பதிவு இருந்தாக வேண்டும்.

பயனாளி விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய பத்திரங்களில் இன்றைக்குப் பொருந்தாத நோக்கம் இருக்கலாம். பள்ளி விளக்குக்கு எண்ணெய், கப்பலில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடு என்று எழுதியிருந்தால் இன்று என்ன செய்வது? நிறைவேற்ற முடியாமல் போன நோக்கத்தை வேறு அறநோக்கத்துக்குத் திருப்ப சட்டத்தில் வழி இருக்கிறது. அதனால் உங்கள் பாட்டனார் எழுதிய செலவு இன்று வேறு பெயரில் நடந்துகொண்டிருந்தால் உடனே கோபப்பட வேண்டாம். எந்த முடிவின்படி மாற்றினார்கள் என்று கேட்டால் போதும்.

மூன்றாவது, நீங்கள் செய்ய நினைக்கிற வக்ஃபு. வீவக வீட்டை அப்படியே எழுத முடியாது. அந்த வீட்டை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு வீவக விதி இருக்கிறது, அதோடு அதுவே 99 ஆண்டுக் குத்தகைதான். மனைவி மக்கள் குடியிருக்கிற வீட்டை அறத்துக்கு எழுதிவிட்டு அவர்களை அலைய விடுவதில் நன்மை எங்கே இருக்கிறது என்றும் யோசியுங்கள். வசியத்தில், அதாவது மார்க்கப்படி எழுதும் உயிலில், வீடு விற்கப்படும் நிலை வந்தால் கிடைக்கும் பணத்தில் இன்ன பங்கு இன்ன நோக்கத்துக்கு என்று எழுதலாம். அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மிச்சம் வாரிசுகளுடையது. வக்ஃபுக்கும் இந்த மூன்றில் ஒரு பங்கு வரம்பைச் சட்டமே சொல்கிறது. தனியாக ஒரு வக்ஃபு உண்டாக்க வேண்டுமென்றால் முயிஸின் எழுத்துபூர்வ ஒப்புதலை முதலில் வாங்க வேண்டும், நீங்களாக ஒரு வக்கீலிடம் எழுதிவைத்துவிட்டுப் போனால் செல்லாமல் போகலாம். மசே நிதி, அதாவது மத்திய சேமநிதிப் பணம் வேறு வழி, அது நீங்கள் பெயர் குறிப்பிட்ட நியமனத்தின்படி போகிறது, வசியத்துக்குள் வராது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என்னைக் கேட்டால், நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்களுக்கு ரொக்க வக்ஃபுதான் பொருத்தம். 2012இல் தொடங்கிய வக்ஃபு இல்மு மார்க்கக் கல்விக்கானது. நீங்கள் கொடுக்கிற பணம் முதலீட்டில் இருக்கும், வருகிற லாபம் மட்டும் செலவாகும். கட்டடம் ஒழுகாது, குடியிருப்பவரோடு வழக்கு இல்லை. பெயர் பலகை இருக்காது என்று சிலருக்கு மனக்குறை. அது வேண்டுமென்றால் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு பெரிய தொகையாகச் செய்துகொள்ளலாம்.

பாட்டனார் பத்திரத்துக்குத் திரும்புவோம். சிங்கப்பூர் நில ஆணையத்தில் கட்டணம் கட்டி அந்த முகவரியின் உரிமைப் பதிவைத் தேடலாம். பழைய நிலமென்றால் பத்திரப் பதிவேட்டிலும் பார்க்க வேண்டியிருக்கும். பாட்டனார் பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் தேடி விட்டுவிடாதீர்கள். மரைக்காயர், மரிக்கான் என்றும், சாஹிப், சைபு என்றும் அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். வக்ஃபு என்ற தலைப்பு இல்லாவிட்டாலும், பள்ளிவாசலுக்கோ ஏழைகளுக்கோ நிரந்தரமாக என்ற பொருளில் வாசகம் இருந்தால் அந்தப் பக்கத்தை நகலெடுங்கள். அதற்கு முன் கீழக்கரையில் இருக்கிற சொந்தக்காரர்கள் யாரிடமாவது பழைய வாடகைச் சீட்டோ வக்கீல் கடிதமோ கிடக்கிறதா என்று வாப்பாவை விட்டு ஒரு போன் போடச் சொல்லுங்கள். முயிஸுக்குக் கடிதம் எழுதுவது அதற்குப் பிறகு.